ஆவணி பிறக்கட்டும்

சமையல்கட்டு எந்த மூலை என்று சிவபாண்டி கேட்கவே இல்லை.

புரோக்கர் மொக்கைச்சாமிக்கு அது பெரிய அதிசயம். காலையிலிருந்து நாலு வீடு காட்டியாயிற்று. மனுசன் எதிலும் திசையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. “திசை பாக்காம வீடு எடுக்க வந்த மொத ஆளு நீங்கதான் சார்” என்று சிரித்துக்கொண்டே, எம். புதுப்பட்டியில் ஒரு நீலக் கேட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினார்.

“பலவேசம் அண்ணாச்சி வீடு. ஆடியில வெடியில போனாருல்ல, அந்த போர்மேன்.”

 திரும்பிப் போய்விடலாம் என்று சிவபாண்டி நினைப்பதற்குள் பலவேசத்தின் மனைவி பாண்டிலட்சுமி கதவைத் திறந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“உள்ள வாங்க. எந்தக் கம்பெனியில இருக்கீக?”

“பிரிண்டிங் பிரஸ்ஸுல” என்றான்.

பொய். கூசாமல் சொன்ன பச்சைப் பொய். திண்டுக்கல்லிலிருந்து அவன் வந்திருப்பதே பட்டாசுக் கம்பெனிக்குப் போர்மேனாக. பலவேசத்தின் வேலைக்கு.

சர்டிபிகேட் உள்ள போர்மேன் நிற்காமல் வெடிமருந்தில் யாரும் கைவைக்கக் கூடாது. அது விதி. பலவேசம் ஆனியிலேயே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். புது ஆள் வரும்வரை மட்டும் நில்லுங்கள் என்று முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

புது ஆள் வந்தால்தானே! ஆடியில் எவனாவது வீடு மாறுவானா என்று சிவபாண்டி ஊரிலேயே உட்கார்ந்துவிட்டான். அதுவரை லாட்ஜில் ரூம் போட்டுத் தருகிறோம் என்று கம்பெனியில் கெஞ்சினார்கள். வந்தால் குடும்பத்தோடுதான் வருவேன் என்று ஒரே வீம்பு.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மருந்து ரூம் வெடித்தது. உள்ளே பலவேசம் நின்றிருந்தார்.

அந்த யூனிட்டுக்குச் சீல் வைத்தாயிற்று. முதலாளிக்கு வேறு யூனிட்டும் இருக்கிறது, தீபாவளி ஆர்டரும் இருக்கிறது. மறுபடியும் கூப்பிட்டார். சிவபாண்டியும் வெட்கம் கெட்டுப்போய் வந்துவிட்டான்.

பாண்டிலட்சுமி ஒவ்வொன்றாகக் காட்டினாள். குழாய், மாடிப்படி, துணி காயப்போடும் இடம். நடுவீட்டில் மாலை போட்ட படம் இருந்தது. அந்தப் பக்கம் அவன் தலையைத் திருப்பவே இல்லை.

“ஒரு குடும்பம் வந்துட்டா நான் விருதுநகருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். இங்கன தனியா இருக்க முடியல.”

சமையல்கட்டில் இரண்டு மேடை இருந்தது. ஒன்று கரிபிடித்துக் கிடந்தது. எதிர்மூலையில் இருந்தது புத்தம் புதுசு. சிமெண்டு வாசனைகூடப் போகவில்லை.

“இதென்ன, ரெண்டு அடுப்பு மேடை?” என்றார் மொக்கைச்சாமி.

“எல்லாம் அவரு பண்ணுனதுதான். வரப்போற போர்மேனையே நம்ம வீட்டுல குடிவச்சிட்டா, வீடு தேடுறேன்னு அவரும் நாளைக் கடத்த மாட்டாரு, நாமளும் சட்டுனு ஊரைவிட்டுக் கெளம்பிரலாம்னாரு. அந்த ஆளு போட்டோவப் பாத்துட்டு, அடுப்பு ஈசானிய மூலையில இருக்கு, வேணாம்னுட்டாராம். இவரு விடுவாரா? கொத்தனாரக் கூட்டியாந்து ரெண்டே நாள்ல அக்கினி மூலைக்கு மாத்திட்டாரு. இதையும் போட்டோ புடிச்சு அனுப்புனாரு.”

“அதுக்கு அந்த ஆளு என்ன சொன்னாராம்?”

“தெரியல. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

 சிவபாண்டிக்குப் புது மேடையில் கைவைத்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை. இப்போதாவது சொல்லித் தொலையடா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“புடிச்சிருக்கா?” என்றாள்.

தலையை ஆட்டினான்.

“அப்ப ஒங்க நம்பரச் சொல்லுங்க, போட்டு வச்சிக்கிடுதேன்.” அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். “அவரு போனுதான். கம்பெனிக்குள்ள கொண்டுபோகக் கூடாதுல்ல, அன்னைக்கும் வாட்ச்மேன்கிட்டயே குடுத்துட்டுப் போயிருக்காரு. யாரும் கூப்புட்டா பேசுவேன். மத்தது எதையும் தொறந்து பாக்கல. மனசு வரல.”

ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் போதும். ஒரே ஒரு எண். வெளியே போனதும் பஸ் ஏறிவிடலாம், இந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

சிவபாண்டி பத்து எண்ணையும் சரியாகச் சொன்னான்.

அவள் அழுத்தி முடித்ததும் திரையில் பெயர் வந்தது. ‘புது போர்மேன் தம்பி.’

பாண்டிலட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். புது மேடையின் படம் வந்தது. அதன் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டி, சத்தமாகவே வாசித்தாள்.

‘மேடை ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி. ஆனா ஆடி வந்துருச்சே. ஆவணி பிறக்கட்டும்.’

மொக்கைச்சாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

மண்ணைவாரித் தூற்றுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று சிவபாண்டி தலைகுனிந்து நின்றான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் புது மேடையின் மேல் வைத்தாள்.

“ஆவணி பொறந்திருச்சு தம்பி. பாலக் காய்ச்சுங்க.”