பத்துச் சொற்கள்

தொழில்முறை ரக்பி அணியில் ஜெனோசனுக்கு இது முதல் ஒப்பந்தம். ஆட்டப் பருவம் தொடங்குமுன் எல்லோருக்கும் நினைவுச் சோதனை உண்டு. பிறகு எப்போதாவது தலையில் அடிபட்டால் மறுபடியும் சோதித்து இதனோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்கள்.

"பத்தையும் ஒப்புவிச்சுப் போடாதை, படிப்பாளி," என்று வரிசையில் பின்னால் நின்ற சக வீரன் மயூரன் சிரித்தான். "ஆறோட நிப்பாட்டு. பிறகு மண்டை கலங்கினாலும் ஆறு சொன்னாக் காணும், ஆட விடுவினம்."

மருத்துவர் பத்துச் சொற்களை வாசித்தார். ஐந்து நிமிடம் வேறு ஏதோ பேசிவிட்டு அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஆறைச் சொல்லிவிட்டு நான்கை விழுங்கிவிடலாம் என்று ஜெனோசன் தொடங்கினான்.

"மணல், குடை, ஊசி, வாழைப்பழம்."

ஐந்தாவதைத் தேடினான். எதுவும் வரவில்லை. போன மாதத் தேர்வு ஆட்டத்தில் ஒருவனுடைய முழங்கால் அவன் காதுக்கு மேல் இடித்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"அவசரமில்லை, தம்பி, யோசிச்சுச் சொல்லும்," என்றார் மருத்துவர்.

எதிரே மருத்துவரின் மேசை இருந்தது.

"மேசை," என்றான்.

மருத்துவர் பட்டியலைப் பார்த்தார். அதில் மேசை இல்லை. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவன் கண்களைப் பார்த்தார்.