இருபத்தேழாம் எண்

ஐஸ் ஹாக்கியில் பத்தாவது கிளப்புக்கு ஆடும் லூபோஷ், தன் பழைய ஊரான போப்ராத்தில், அந்த ஊர் அணிக்கு எதிராகக் களமிறங்கினான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மகள் எம்கா. அவளுடைய போப்ராத் அணிச் சட்டையின் கையில் 27. அவன் இங்கே ஆடியபோது போட்டிருந்த எண்.

"அண்ணே, எத்தனை கிளப் மாறினாலும் பொண்ணு உங்க நம்பரத்தான் போட்டிருக்கா!" என்றான் சக வீரன் யூரை.

"அவங்கம்மாதான் என்னை வேணாம்னா. புள்ள அப்படி இல்லடா."

கடைசி நிமிடத்தில் போப்ராத் கோல் போட்டது.

"அப்பா!" என்று கூவினாள் எம்கா.

லூபோஷ் ஆசையாகத் திரும்பினான். கோல் போட்ட ஹ்ராஷ்கோ அவனைத் தாண்டி வழுக்கிப் போய், கண்ணாடியில் எம்காவின் கையோடு கை வைத்தான். அவன் சட்டையிலும் 27.

எம்கா துள்ளிச் சுழன்றாள். அவள் முதுகில் கொட்டை எழுத்தில் 'ஹ்ராஷ்கோ'.

"யாருண்ணே அவன்?" என்றான் யூரை.

"எனக்கு அப்புறம் வந்தவன்."