அச்சில் குணமானவள்

அறையில் இருப்பவர்கள் மூன்று பேர்: ஊரெங்கும் பரவும் மஞ்சள் காய்ச்சலில் கிடக்கும் டார்கஸ், அவள் கணவன் பீப்பாய் செய்யும் ஜாபெஸ், இப்போதுதான் உள்ளே வந்த டாக்டர் ஹாஸ்கெட். பிலடெல்பியாவின் மத்தியான வெயில் நோய் அண்டாமலிருக்க வினிகரில் நனைத்த திரையில் மஞ்சளாகத் தேங்கி நிற்கிறது. டார்கஸின் கண்வெள்ளையும் அதே நிறம். காய்ச்சல் இறங்க நோயாளியின் கையைக் கீறி ரத்தத்தை வெளியேற்றும் சிறு கத்தியை டாக்டர் கைக்குட்டையில் துடைக்கிறார். ஜாபெஸ் செய்தித்தாளை விரிக்கிறான். நியூயார்க் நண்பருக்கு டாக்டர் எழுதிய கடிதம் அதில் அச்சாகியிருக்கிறது; அச்சாகும் என்று எதிர்பார்த்தேதான் வைத்தியர்கள் எல்லோரும் இப்படிக் கடிதம் எழுதுகிறார்கள். “‘பீப்பாய்க்காரர் மனைவி நாலாம் நாளே எழுந்து நடந்தாள்.’ இது யாருங்க டாக்டர்? எனக்கு இன்னொருத்தி இருக்காளா?”

“கடிதம் போய்ச் சேர்றதுக்குள்ள எழுந்துடுவான்னு நம்பினேன், ஜாபெஸ்.”

“எதிர்வீட்டுக்காரன் இதைப் படிச்சிட்டுத்தான் உங்க கத்திக்குக் கையை நீட்டினான். காலையில பொணவண்டியில போயிட்டான்.”

டார்கஸ் கறுப்பாக வாந்தி எடுக்கிறாள். கிண்ணத்தின் விளிம்பு அவள் பல்லில் மோதி ஒலிக்கிறது. டாக்டர் கட்டிலைப் பார்த்தபடியே தொப்பியைத் தேடுகிறார். “இன்னும் பன்னிரண்டு பேர் காத்திருக்காங்க.”

“காத்திருக்கட்டும். இவ எழுந்து நடந்ததும் போங்க.”

டாக்டரின் முதுகுக்குப் பின்னால் ஜாபெஸ் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டுகிறான்.