ஆயில்யமும் ஒரு மணி நேரமும்

"உங்க தாத்தா பண்ணினது மகா பாவம்!" என்று லேப்டாப்பைக் கணவன் விஸ்வநாத் பக்கம் திருப்பினாள் சுபாஷிணி.

விஸ்வநாத் சாயாவை ஊதிக்கொண்டே எட்டிப் பார்த்தான். திரையில் ஒரு வருஷம், ஒரு நேரம்; கீழே ஒரே ஒரு வார்த்தை. பூசம்.

"செத்துப்போய் நாற்பது வருஷமான மனுஷனை ஏன் காலங்கார்த்தால இழுக்கறே?"

காக்கநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக, மட்டாஞ்சேரி வீட்டில் உட்கார்ந்தபடியே ஜாதகம் கணிக்கும் ஒரு செயலி எழுதிக்கொண்டிருந்தாள் சுபாஷிணி. சரிபார்க்க ஒரு பழைய ஜாதகம் தேவைப்பட்டது. விஸ்வநாத்தின் அத்தை கனகாம்பாளுடையது அலமாரியில் கிடந்தது. 1943, காலை மணி ஏழு இருபது. நட்சத்திரம் ஆயில்யம்.

அந்த ஆயில்யத்தின் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆயில்யப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று பதினேழு வரன்கள் திரும்பிப் போயின. பதினெட்டாவது வரவே இல்லை. அத்தை தினமும் போட் ஏறி எறணாகுளம் போய் முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். இப்போது எண்பத்திரண்டு வயது. தனி மனுஷி. இவர்களோடு இருக்கிறாள்.

"முதல்ல லைப்ரரியிலதான் தப்புன்னு நினைச்சேன்" என்றாள் சுபாஷிணி.

"எந்த லைப்ரரி? ஃபோர்ட் கொச்சியிலயா?"

"போறுமே உங்க ஜோக். புரோகிராம் எழுதற மொழியோட கூடவே வருமே, அது. தேதியையும் நேரத்தையும் வெறும் எழுத்தா குடுத்தா, புரிஞ்சுண்டு கணக்காக்கித் தரும். நான் எழுத வேண்டியது ஒரே வரி. அத்தையோட ஏழு இருபதைக் குடுத்தேன். அது ஆறு இருபதுன்னு எடுத்துண்டுது."

"அப்போ தப்புதானே?"

"ரெண்டு நாள் அப்படித்தான் திட்டினேன். அப்புறம், ஏன் இப்படிப் பண்றதுன்னு உள்ளே போய்ப் பார்த்தேன்."

அவள் குரல் தானாகவே தணிந்தது.

"யுத்த காலத்துல, நாற்பத்திரண்டு செப்டம்பர்லேர்ந்து நாற்பத்தஞ்சு அக்டோபர் வரைக்கும், இந்தியாவுல கடியாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வெச்சிருந்தாளாம். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? அந்த ஒரு வரிக்குத் தெரியும்! சிங்கப்பூர்ல ஒரு காலத்துல இருபது நிமிஷம் தள்ளினதுகூடத் தெரியும். எந்த ஊர், எந்த நாள், எத்தனை நிமிஷம்... பழைய கெஜட்டு, பழைய பேப்பர் எல்லாம் துழாவி, சம்பளம்கூட இல்லாம யார் யாரோ எழுதி வெச்சிருக்கா. நான் பாட்டுக்கு ஒரு வரி தட்டறேன். அதுக்குப் பின்னால இத்தனை பேர் நிக்கறா."

விஸ்வநாத் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்போ அத்தை...?"

"பூசம். மாமியாரை ஒண்ணும் பண்ணாத நல்ல பூசம். பஞ்சாங்கம் பழைய கணக்கு, கடியாரம் யுத்தக் கணக்கு. ஒரு மணியைக் கழிக்கணும்னு ஜாதகம் எழுதினவருக்குத் தோணல்லே. சரி, உங்க தாத்தாவாவது யோசிக்க வேண்டாமோ? ஊர் பேர் தெரியாதவா ஞாபகம் வெச்சுண்டதை, பெத்த அப்பா மறந்துட்டாரே!"

"என் அப்பாவே சொல்லுவார். பொண்ணைக் கரையேத்தத் தெரியாத அசடுன்னு ஊர் பூரா தாத்தாவுக்குப் பேராம்."

"சும்மாவா சொன்னா? நான் இன்னிக்கே அத்தைகிட்டச் சொல்லப் போறேன்."

"வேண்டாம் சுபா. இந்த வயசுல, உன் ஆயுசே ஒரு தப்புக் கணக்குல போயிடுத்துன்னு சொல்லணுமா? வெறுதே அவ மனசைக் கெடுக்கறதுக்கா?"

"தெரியாமலே போறது மட்டும் நியாயமா?"

"யாரு, எங்கே போறா?"

வாசற்படியில் கனகாம்பாள், கையில் காலி டம்ளரோடு.

லேப்டாப்பை மூடச் சுபாஷிணிக்குக் கை வரவில்லை. கனகாம்பாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். 1943. ஏழு இருபது. பூசம்.

"அடேயப்பா, கழிச்சுடுத்தே! உன் மெஷின் சமர்த்தாக்கும்."

சுபாஷிணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

கனகாம்பாள் தன் அறைக்குப் போய், நாலாக மடித்த ஒரு காகிதத்தோடு வந்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து பின்னால் ஒட்டுப் போட்டிருந்தது. 1959 என்று தேதி. கீழே குண்டுகுண்டாகத் தாத்தாவின் கையெழுத்து: 'யுத்த மணி ஒன்று கழித்து, காலை 6.20. பூச நட்சத்திரம்.'

"தாத்தா கண்டுபிடிச்சுட்டாரா?" விஸ்வநாத் காகிதத்தை வாங்கிப் பார்த்தான்.

"முதல் வரன் தட்டிப்போனதும் ரெண்டு நாள் பஞ்சாங்கத்தைக் கட்டிண்டு உட்கார்ந்தார். அப்போ எனக்குப் பதினாறு. காலேஜுக்குப் போகணும்னு அடம்பிடிச்சு அழுதுண்டிருந்தேன். அம்மாவுக்கோ கல்யாணத்தை விட்டா வேற பேச்சே கிடையாது. அம்மாவை எதிர்த்துப் பேச அப்பாவால ஆகாது."

"இதைக் காட்டியிருந்தா எல்லாம் சரியாயிருக்குமே! ஏன் அத்தை ஒளிச்சு வெச்சார்?" என்றாள் சுபாஷிணி.

"அவர் எங்கே ஒளிச்சார்?" கனகாம்பாள் காகிதத்தைத் திரும்ப வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தாள். "'இதை அம்மாகிட்டக் காட்டினா அடுத்த மாசமே உனக்குக் கல்யாணம்; காட்டல்லேன்னா நான் சாகற வரைக்கும் அசடு; எது வேணுமோ நீயே தீர்மானம் பண்ணிக்கோ'ன்னு என் கையிலன்னா குடுத்தார்!"