அடுத்த வாரம் வரச் சொல்லுங்க

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு ஜாக்கெட் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

தையல்காரி எடுத்துக் கொடுத்த அந்த ஜாக்கெட்டைக் கடை மேஜைமேலேயே தொப்பென்று போட்டாள் மாமியார். "இது என் மருமகளுக்குத் தைச்ச கையா, பொம்மைக்குத் தைச்ச கையா?"

தையல்காரி மெஷினை நிறுத்தவில்லை. "இறுக்கமா இருந்தா குடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் வரச் சொல்லுங்க" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

இந்தப் பதில் இது நாலாம் தடவை. முதல் வாரம் கழுத்து சரியில்லை. அடுத்த வாரம் தோள் இறங்கிக் கிடந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு கை முழங்கை வரைக்கும், இன்னொன்று அதற்கு நாலு விரல் மேலேயும் நின்றது. ஒவ்வொரு தடவையும் மருமகள் தனியாக நடந்து போய், ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

மாமியாருடைய மகளின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே நாள். முட்டிவலியோடு நீங்கள் எதற்கு என்று மருமகள் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், இன்று மாமியாரே அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு மூத்த மருமகள், கல்யாணத்தில் பழசைப் போட்டுக்கொண்டு நிற்பதா? கேட்க நாதியில்லாத பெண் என்று நினைத்துவிட்டாளா இந்தத் தையல்காரி? பிறந்த வீட்டோடு மருமகளுக்குப் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷமாகிறது. ஒரு வாய்ச்சண்டையில் அதை நிறுத்தியதும் மாமியார்தான். அதனாலேயே, அவளுக்காகச் சண்டை போடுவதும் தன் பொறுப்பு என்று நினைத்தாள்.

"விடுங்க அத்தை, போகலாம்" என்று மருமகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு. வாயில்லாப் பூச்சின்னுதான் உன்னை இந்தப் பாடு படுத்துறா."

மாமியாருக்கும் கொஞ்சம் தையல் தெரியும். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினாள். அதன் கையில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து விட்டிருந்தது. தையலோ நீள நீளமாக, ஒட்டுப்போட்டதுபோல. நூல் முனையைப் பிடித்து ஒரே ஒரு இழுப்பு, முழுத் தையலும் கையோடு வந்துவிட்டது.

"இதுதான் நீ தைக்கிற லட்சணமா? இப்பவே என் கண்ணு முன்னாடி சரி பண்ணு. அதுவரைக்கும் இந்த ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன்."

தையல்காரி மருமகளைப் பார்த்தாள். மருமகள் தரையைப் பார்த்தாள்.

பிறகு பத்தே நிமிஷம். பொடிப் பொடியான தையல், அளவு ஜாக்கெட்டின்மேல் வைத்துப் பார்த்தால் நூலளவு பிசகவில்லை. போட்டுப் பார்க்க மருமகள் பின்னறைத் திரைக்குள் போனாள். அந்த அறைக்குச் சந்துப் பக்கமும் ஒரு வாசல் உண்டு. தையல்காரி மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

போனவள் வெளியே வரவில்லை. மாமியாருக்குக் கோபம் வடிந்து இரக்கம் வந்தது. பாவம், கொக்கி மாட்ட எட்டவில்லையோ என்னவோ. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் திரையில் கை வைத்தாள்.

உள்ளே மருமகளின் குரல். அழுகையை அடக்கிய குரல்.

"சரியாத் தைச்சுக் குடுத்துட்டாங்கம்மா. இனிமே என்ன சாக்குச் சொல்லி உன்னைப் பாக்க வருவேன்?"

நல்லாயிருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெண்கள் அவரவர் அம்மாவோடு கூடத்தில் உட்கார்ந்தே பேசட்டும்.