அளவு மட்டும் சொல்லுக்கா

“கடவுள் உலகத்த மவுஸ் புடிச்சி வரையலக்கா. வரி வரியா புரோகிராம் எழுதித்தான் படைச்சாரு” என்றான் புகழ்வேந்தன், சட்டை போடாமல். மெக்கானிக்கல் கடைசி வருடம். செலியமேட்டின் ஒரே த்ரீடி பிரிண்டர் அவன் வீட்டில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

எதிரில் நின்ற பக்கத்து வீட்டு அமுதத்துக்கு உலகம் வேண்டாம், ஒரு மூடி போதும். வயலில் உருட்டி நெல் விதைக்கும் டிரம்மின் மூடி உடைந்துவிட்டது. துணி கட்டிப் பார்த்தாள். இரண்டு சுற்றில் அவிழ்ந்து, விதை ஒரே இடத்தில் கொட்டியது.

ஊறவைத்த நெல் சாக்குக்குள் முளைவிட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் விதைக்காவிட்டால் வேர் பின்னிக்கொண்டு ஒன்றுக்கும் ஆகாது.

“பிரிண்டு போட்டுக் குடுத்தா போதும் தம்பி. இத கொஞ்சம் பாரேன்” என்று போனை நீட்டினாள்.

“போட்டோலாம் வேணாக்கா. அளவு மட்டும் சொல்லு.”

“வெளி விட்டம் நூத்தி ரெண்டு புள்ளி நாலு மில்லிமீட்டர். கனம் மூணு. திருகி மூடுற மரை ரெண்டு சுத்து.” எதையும் பார்க்காமல் சொன்னாள்.

“யாரோ நல்லா அளந்து குடுத்திருக்காங்க” என்று பாராட்டிவிட்டு எழுத ஆரம்பித்தான். “இதுக்குன்னு நெட்ல இலவசமா ஒரு பக்கம் வந்திருக்கு. புரோகிராம ஒளிச்சி வெச்சிட்டு, திரையில இருக்கிற பட்டைய இழுத்தா அளவு மாறும். செஞ்சத அங்கயே போட்டு வெச்சா யாரு வேணா எடுத்துக்கலாம். எழுதத் தெரியாதவங்களுக்கு நடைவண்டி!”

“நடைவண்டிலயும் போய்ச் சேரலாம் இல்ல? நா இன்னா சொல்றேன்னா...”

“ஒரே நிமிசம்க்கா.”

பத்து மணிக்குப் பதினாலாவது வரியில் பிழை. திருத்தினான், பதினைந்தாவது வரி கோபித்துக்கொண்டது. பதினொன்றரைக்கு ஒருவழியாகத் திரையில் மூடி வந்தது. மரை மட்டும் மூடியோடு ஒட்டாமல் அந்தரத்தில் மிதந்தது.

“இது இன்னாபா, தனியா நிக்குது?”

“அதான்க்கா எனக்கும் தெரியல.” அன்றைக்கு அவன் சொன்ன முதல் உண்மை அது.

அமுதம் வீட்டுக்குப் போய்ச் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “வேரு பின்ன ஆரம்பிச்சிடுச்சி தம்பி.” பிரிண்டு ஓடவே மூன்று மணி நேரம் ஆகும். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நெல்லை நிழலில் பரப்பிப் போட மறுபடி போனாள்.

புகழ்வேந்தன் கதவைச் சாத்தினான். சத்தமில்லாமல் அந்த நடைவண்டிப் பக்கத்தைத் திறந்து, ‘விதை டிரம் மூடி’ என்று தேடினான். முதல் வரியிலேயே இருந்தது: வெளி விட்டம் 102.4. கனம் 3. மரை 2 சுற்று.

இறக்கினான். பிரிண்டரை ஓடவிட்டான். அதற்குப் பிறகுதான் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தான்: ‘செய்தவர்: அமுதம், செலியமேடு. நேற்று.’

பிரிண்டர் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள், அவன் மறைப்பதற்குள் திரையைப் பார்த்துவிட்டாள்.

“அதத்தான் தம்பி காலையிலேருந்து போன்ல வெச்சினு நிக்கிறேன்.”