சுக்ரீவன் வேஷம்

“சுக்ரீவன் வேஷம் எனக்குத்தான் சாமி! இல்லேன்னா இப்பவே பரவைக்கு நடையைக் கட்டிருவேன்!” என்று கத்தினான் பேயாண்டி.

“நேத்து அவன் கட்டிட்டான். இன்னிக்கு எனக்குத்தான்னு அவன்கிட்டச் சொல்லிருங்க சாமி!” என்று அண்ணன் சோணை எகிறினான்.

நாடகக் கம்பெனி முதலாளி ஹாலாஸ்யத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நடிகன் எவனும் வாலி வேஷத்துக்குத்தான் அடித்துக்கொள்வான். சுக்ரீவன் மேடையில் வாலியிடம் உதை வாங்குகிறவன்.

சொந்த ஊரான பரவையில் மழையில்லாமல் காடு காய்ந்து, நடிக்க வந்தவர்கள் இருவரும். பாகம் பிரித்த நாளிலிருந்து நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படியிருந்தும், தம்பி அடிபடக்கூடாதென்று அண்ணனும், அண்ணன் அடிபடக்கூடாதென்று தம்பியும்...

“ரத்த பாசம்னா இதுதான்டா!” என்று கண் கலங்கியவர், சோணைக்கே சுக்ரீவனைக் கொடுத்தார்.

மேடையில் பேயாண்டி நிஜமாகவே மொத்தினான். சோணை முனகாமல் வாங்கிக்கொண்டான். ராமன் அம்பு விட்டான். வாலி செத்து விழுந்தான். சோணை பிணத்தின்மேல் விழுந்து, அதன் காதோரம் முகம் புதைத்துக் குலுங்கினான். சபையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

நெகிழ்ந்துபோன ஹாலாஸ்யம் படுதா ஓரமாக வந்து காதைக் கொடுத்தார்.

“கிணத்துல எனக்குப் பாதி உண்டா இல்லையாடா, களவாணிப் பயலே? அப்பன் எழவுக்கு ஒரு மாலை வாங்கியாராத நாயி! நேத்து என்னைய எம்புட்டுப் பேச்சுப் பேசுன? இப்பப் பேசுடா பாப்போம்!”

பேச முடியாத பிணம் பல்லை நறநறவென்று கடித்தது.